கண்டாங்கிப் பெயரும் நெய்கிற கையும்

2019 ஆகஸ்டில் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் பூட்டுக்கும் அப்போதுதான். "இனி யாரும் காப்பியடிக்க முடியாது" என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். அறிவுசார் சொத்துரிமைச் சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் உடைந்த நம்பிக்கை இதுதான்.

1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பது பெயரை. எங்கோ விசைத்தறியில் ஓட்டிய சேலையை 'காரைக்குடி கண்டாங்கி' என்று விற்றால் வழக்குப் போடலாம். அதே கட்டம், அதே அகலக் கரை, அதே நிறம் வைத்து, பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிட்டு விற்றால்? கட்டத்துக்கு உரிமை கோர இந்தச் சட்டத்தில் வழியில்லை. 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்துக்குப் போகலாம் என்றால், அங்கே டிசைன் புதுசாக இருக்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவோ, பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமையே கிடையாது என்கிறது. இந்த மூன்றில், பழசாக இருப்பதைக் குற்றமாகப் பார்க்காதது புவிசார் குறியீடு ஒன்றுதான். அந்த மட்டில் அது நல்ல சட்டம்.

ஆனால் அந்தப் பெயரும் நெய்கிறவர் கைக்குத் தானாக வந்துவிடாது. பதிவேட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. 'அ' பகுதியில் குறியீடும் அதன் உரிமையாளரும்: கண்டாங்கிக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். 'ஆ' பகுதியில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்'. பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமையை 21-வது பிரிவு கொடுப்பது இந்தப் பயனாளருக்குத்தான். ஆக, நெசவாளர் தனியே விண்ணப்பம் போட்டுத் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். 2020-ல் அதற்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அப்படி ஒரு விண்ணப்பம் இருக்கிறதென்று தறிக்குழியில் இருப்பவருக்கு யார் சொல்வது?

இதைவிட அடிப்படையான சிக்கலுக்கு அதே செட்டிநாட்டில் இன்னொரு உதாரணம் இருக்கிறது: கொட்டான். நகரத்தார் வீட்டு விசேஷங்களில் புழங்கிய பனையோலைக் கூடை. அதை யாரும் திருடவில்லை. பிளாஸ்டிக் வந்தது, கேட்பவர் குறைந்தார்கள், முடையத் தெரிந்தவர்களும் குறைந்தார்கள். எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. புவிசார் குறியீடு அதற்கு அப்புறம்தான் வந்தது. இந்த வரிசையைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். முதலில் ஆளும் வேலையும் விலையும், பிறகே சான்றிதழ்.

நம்முடைய சட்டக் கற்பனை முழுக்கத் திருடனைப் பற்றியது. காரணமும் உண்டு. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியதும், சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து அது 1997-ல் ரத்தானதும் நம்மை உலுக்கிய கதை. ஆனால் அதில் ஜெயித்தது எழுத்து: பழைய நூல்களும் அச்சான ஆய்வுக் கட்டுரையும் சாட்சியாக நின்றன. 2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகமும் சித்த மருத்துவம் முதலான ஏடுகளைத்தான் தொகுக்கிறது. ஓலையை எந்தப் பதத்தில் வாருவது, ஊடைநூலை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் கையில் இருக்கிற அறிவு. அதைத் திருடனிடமிருந்து காத்து வைத்தாலும், கற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் போய்விடும்.

அதனால், அடுத்த முறை ஒரு பொருளுக்குக் குறியீடு கிடைத்ததென்று செய்தி வந்தால் கைதட்டுவோம், தப்பில்லை. கூடவே இரண்டு கேள்வி கேட்போம். 'ஆ' பகுதியில் எத்தனை நெசவாளர் பெயர் இருக்கிறது? அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனை பேர் தறியில் உட்காரத் தயார்?

முதல் கேள்விக்குச் சென்னை கிண்டியில் இருக்கிற பதிவகம் பதில் சொல்லும். இரண்டாவதற்கான பதில் கூலியில் இருக்கிறது.