ஏழு கிலோவில் அடங்காதது

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம் என்றானது. அன்றிலிருந்து கேமரன் மலையில் புதுப்புதுத் தமிழ் காதில் விழுகிறது. மதுரைத் தமிழ், கோவைத் தமிழ், நாகர்கோவில் தமிழ். முதுகில் ஒரு பை, கையில் கைப்பேசி, கூட யாருமில்லை. தானா ராத்தா பேருந்து நிலையத்தில் இறங்கும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இதுதான் முதல் வெளிநாடு. அவர்களுக்கென்றே ஒரு வகை எழுத்தும் பெருகியிருக்கிறது: இத்தனை ஆயிரத்தில் பத்து நாள் மலேசியா, தன்னந்தனியாக. அண்மையில் நண்பர் ஒருவர் இந்த வகைக்காக என்னிடம் ஒரு மணி நேரம் வாதாடினார். காசுள்ளவன் விடுதியைப் பார்க்கிறான், காசில்லாதவன் மக்களைப் பார்க்கிறான் என்று முடித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே கேமரன் மலையின் கோலா தெர்லாவில் பிறந்து வளர்ந்த எனக்கு மட்டும் அதை நம்ப முடியவில்லை.

கொடுக்க வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுகிறேன். முகவர், உறவுக்காரர், மஞ்சள் தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டம் என்று யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடல் கடக்க வேண்டும் என்ற பயத்தை இந்த எழுத்து உடைத்தது. கரூரிலிருந்து ஒரு பெண் தனியாகக் கிளம்பி, பினாங்கில் இரண்டு நாள் சுற்றிவிட்டு, பத்திரமாக வீடு திரும்புகிறாள் என்றால் அதில் இதற்கும் பங்குண்டு. வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்பு, திரும்பும் டிக்கெட்டை அச்செடுத்து வை, தங்குமிடத்தின் உறுதிச்சீட்டையும் செலவுக்கான பணத்தையும் காட்டத் தயாராக இரு என்பதெல்லாம் பயனுள்ள புத்திமதி. இவை இல்லாமல் விமான நிலையத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. சரி, பாராட்டு முடிந்தது.

இந்த வகை நம்முடையதன்று. ஆர்தர் ஃபிரோமர் 1957இல் ஒரு நாளைக்கு 5 டாலரில் ஐரோப்பாவைச் சுற்றலாம் என்று புத்தகம் போட்டார். டோனி வீலரும் மோரீன் வீலரும் 1973இல் மலிவாக ஆசியாவைக் கடப்பது பற்றியும், 1975இல் தென்கிழக்காசியாவைப் பற்றியும் எழுதினார்கள். லோன்லி பிளானட் அப்படித்தான் பிறந்தது. வலுவான நாணயத்தோடு வந்தவர்களுக்குச் சிக்கனம் ஒரு விளையாட்டு. அவர்கள் போட்ட தடத்தைத்தான் நம் பிள்ளைகள் இன்றும் அடிபிசகாமல் மிதிக்கிறார்கள்: கோலாலம்பூர், கேமரன் மலை, பினாங்கு, நேரமிருந்தால் லங்காவி. தமிழில் எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தவிர அந்தத் திட்டத்தில் தமிழ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்திருக்கிறேன். ரொட்டி சானாய் விலையில் இருக்கிறது. பத்துமலையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

திட்டம் எப்படி உருவாகிறது என்று கவனியுங்கள். முதலில் வருவது தள்ளுபடி டிக்கெட். தேதியை மாற்ற முடியாது, மாற்றினால் தள்ளுபடியைவிட அபராதம் பெரிது. கையில் 7 கிலோ பை. இந்த இரண்டும் நிச்சயமான பிறகுதான் ஊர்கள் வருகின்றன. விமானக் கட்டணத்தைப் பத்து நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு எண் கிடைக்கிறது. போட்ட காசுக்குப் பார்க்க வேண்டுமே என்று ஊர்கள் கூடிக்கொண்டே போகின்றன. சுதந்திரத்துக்காகத் தனியே கிளம்பியவன் கடைசியில் மஞ்சள் தொப்பிக் கூட்டத்தைவிட இறுக்கமான அட்டவணைக்குள் ஓடுகிறான். கேமரன் மலைக்கு ஒரு ராத்திரி. மறுநாள் காலை அரை நாள் வேன் பயணம்: சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம், பாசிக்காடு, ஸ்ட்ராபெரித் தோட்டம், பட்டாம்பூச்சிப் பண்ணை. அந்த மறுநாள் திங்கட்கிழமையாக அமைந்துவிட்டால் சுங்கை பாலாஸ் தொழிற்சாலை பூட்டிக் கிடக்கும். டிக்கெட் மலிவாகக் கிடைத்த நாள் அதுதான் என்பார்கள், என்ன செய்ய.

பிரிஞ்சாங்கைத் தாண்டி, கியா ஃபார்ம் சந்தையைத் தாண்டினால் வேன் திரும்பிவிடும். அதற்கப்பால் திரிங்காப், பிறகு கோலா தெர்லா, பிறகு கம்போங் ராஜா. கோலா என்றால் ஆறு கலக்கும் இடம். தெர்லா ஆறு தெலோம் ஆற்றில் சேருகிற பள்ளத்தாக்கு எங்களுடையது. பார்ப்பதற்கென்று சொல்ல எதுவுமில்லை. சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிக் கொல்லைகள், இடையிடையே தேயிலை, தோட்டத் தொழிலாளர் லயங்கள், கோயில். பழைய படங்களில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்ணை இப்போது தேடாதீர்கள். இயந்திரமும் கத்தரியும் கொழுந்தை வெட்டுகின்றன. அவற்றைப் பிடித்திருப்பவர் வங்காளதேசத்தவரோ நேப்பாளியோ இந்தோனேசியரோதான். தமிழர்களில் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். குறைந்த செலவு மக்களோடு நெருங்க வைக்கும் என்றார். தானா ராத்தாவில் ஓர் அறையில் எட்டுக் கட்டில் போட்ட விடுதியில் அந்தப் பிள்ளை யாரோடு நெருங்குகிறான்? மேல்கட்டிலில் படுத்திருக்கும் ஜெர்மன்காரனோடும் கீழ்க்கட்டில் பெங்களூர்க்காரனோடும். விரிப்பைத் துவைத்துப் போட்ட பெண் எந்த நாட்டவள் என்றாவது அவனுக்குத் தெரியுமா? கியா ஃபார்ம் சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்குப் பேரம் பேசி 1 வெள்ளி (ரிங்கிட்) குறைத்ததைச் சாதனையாக எழுதுகிறார்கள். மலிவு என்பது எப்போதும் யாரோ ஒருவர் வாங்காமல் விட்ட காசு. பெரும்பாலும் அந்த ஒருவர் விடுதி முதலாளியாக இருப்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் புத்திமதி ஒன்றுண்டு: விடுதியில் தினமும் நாலைந்து மணி நேரம் வேலை செய்தால் படுக்கைக்குக் காசு வேண்டாம், செலவு பாதியாகிவிடும் என்பது. சுற்றிப் பார்க்க வந்தவரின் அனுமதியில் வேலை செய்ய இடமில்லை. கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கத்துக் கொல்லைகளில் குடிநுழைவுத் துறை லாரி வரும் சத்தம் கேட்டாலே காட்டுக்குள் ஓடும் பையன்களை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவர்கள் மீறியதும் இதே விதிதான். இவனுக்கு அது அனுபவம், அவனுக்கு லாக்கப். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்று நண்பர் சொன்னார். அநியாயமாகவே இருக்கட்டும்.

மலாயாவுக்கு வந்ததிலேயே மலிவான பயணம் எது தெரியுமா? என் தாத்தாவினுடையது. 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். அதிலிருந்து கூலிகளுக்குக் கப்பல் கட்டணம் போனது. அப்படித்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு காசு கொடுக்காமல் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இது நடந்தது. எங்கள் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் 1929இலும் 'பாரத்' தேயிலைத் தோட்டம் 1933இலும் தொடங்கின. காட்டை வெட்டிச் செடி வைக்க ஆள் தேவைப்பட்ட அந்தக் காலத்தில்தான் தாத்தா மலையேறினார். திரும்பும் டிக்கெட் மட்டும் இல்லை. அதனால்தான் எங்கள் லயங்களில் தமிழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி 'எந்த ஊரு?' என்பதாக இருக்கிறது. பதிலாக வரும் ஊர்ப்பெயர் தன் அப்பா சொன்ன பெயராக இருந்துவிடாதா என்ற நப்பாசை.

போன வருடம் அப்படி ஒருவன் வந்தான். வாடகை மோட்டார் சைக்கிளில் ஈப்போ சாலைக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டதால் எங்கள் கோயில் வாசலில் ஒதுங்கியிருக்கிறான். சித்தி குடையோடு போய், 'எந்த ஊரு தம்பி, பசியாறியாச்சா?' என்று கேட்டிருக்கிறார். துறையூர்ப் பக்கம் என்றானாம். சித்தியின் அப்பா முசிறி. அப்புறம் விடுவாரா? சோறு, நெத்திலி சம்பல், முட்டைப் பொரியல், தேத்தண்ணி. மழை விட்டும் இரண்டு மணி நேரம் அவனை விடவில்லை. 10 வெள்ளியை நீட்டியிருக்கிறான், வாங்க மறுத்துவிட்டார். ஊருக்குப் போய் அவன் எழுதியதை அக்காள் மகள் கைப்பேசியில் காட்டினாள். சித்தியைப் பற்றி இரண்டு நல்ல வரிகள் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. கீழே செலவுப் பட்டியல். ஐந்தாம் நாள், மதிய உணவு: 0. அதற்கும் கீழே மற்றவர்களுக்கு ஒரு யோசனை: 'தோட்டப் பக்கம் போய்த் தமிழில் பேசுங்கள், சாப்பாட்டுச் செலவு மிச்சம்.'

அவன் கெட்டவன் இல்லை. அந்தப் பட்டியலில் சித்தியை வைக்க வேறு கட்டமே கிடையாது. எதை உள்ளே போட்டாலும் அது செலவாகவோ மிச்சமாகவோதான் வெளியே வரும். தமிழ் என்ற பெருஞ்சொத்தைக் கணக்கில் சேர்க்காமல் பயணத் திட்டம் போடுகிறார்களே என்று பல வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தவன் நான். சேர்த்தான் ஒருவன், தள்ளுபடிச் சீட்டாக. இனி யாரும் சேர்க்காமலே இருக்கட்டும் என்றுகூடத் தோன்றியது.

காசில்லாமல் ஊர் சுற்றுவதையே எதிர்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ராகுல் சாங்கிருத்யாயன் காசில்லாமல்தான் உலகம் சுற்றினார். 'ஊர்சுற்றிப் புராணம்' என்று தமிழிலும் வந்த அவர் புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஊர்சுற்றி கைத்தொழில் ஒன்றாவது கற்றுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்கிறார். போகிற இடத்தில் கையை நீட்டாமல், கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும் அவருக்கு. ஏ. கே. செட்டியார் காந்தி படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர். அவர் பயண எழுத்தில் நமக்கு நினைவில் நிற்பவர்கள் அவர் சந்தித்த ஆட்கள்தான். எவ்வளவு செலவானது என்று யாரும் கேட்டதில்லை. இந்த இருவரும் வாங்கியதைக் கடனாக நினைத்தவர்கள். மிச்சமாக நினைத்தவர்கள் என்று சொல்ல மாட்டேன்.

முதல் பயணத்துக்குப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்ற பட்டியல்களை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். மூன்று சட்டை, மின்கலம், பிளக் மாற்றி, பூட்டு, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் துண்டு, மாத்திரை. சோப்பைப் பாதியாக நறுக்கி எடுத்துப் போனால் 50 கிராம் குறையும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கால் கிலோ முறுக்கு எதிலும் இல்லை. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழையாதே என்று சொல்லி வளர்த்த ஊரிலிருந்து வருகிறவர்கள் இவர்கள்.

சித்தி ஒரே ஒரு தடவை திருச்சிக்கு விமானம் ஏறினார், முசிறியில் அப்பாவின் தங்கை வழியில் யாரோ இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு. அவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம், தனியாகத்தான் போனார், அவரிடமும் பணமில்லை. மைலோ டின் நாலு, பிஸ்கட் டின் இரண்டு, கோடாலித் தைலம் ஒரு டஜன், தோட்டத்துத் தேயிலை பத்துப் பொட்டலம். தனக்கென்று இரண்டு சேலை. எடை கூடிவிட்டது, ஒன்று காசு கட்டுங்கள், இல்லையென்றால் டின்களை வெளியே எடுங்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாளாம். சித்தி இரண்டாவதைக் காதிலேயே வாங்கவில்லை. திட்டிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.