குறிஞ்சிப்பாட்டில் நோயும் நோய்முதலும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் ஆயது. அதன்கண் அடுக்கிச் சொல்லப்பெற்ற மலர்ப்பெயர்களையும் மலைவளத்தையும் பாராட்டியோர் பலர். ஆயின், கபிலர் மலரொடு தொடங்கவில்லை, நோயொடு தொடங்குகின்றார். இத்தொடக்கம் ஆராயத்தக்கது.

தலைவியின் அணிகள் நெகிழ்கின்றன, மேனிநலம் குன்றுகின்றது. அறிந்தாரை வினவியும், தெய்வங்களை மலர் தூவி வழிபட்டும், நறும்புகை காட்டியும் தாய் தீர்வு தேடுகின்றாள். நோய் தீரவில்லை. அதன் முதலை அறிந்தவள் தோழி ஒருத்தியே.

இதனைக் காமநோய் என்று கூறி அமைவாரும் உளர். அது நிரம்பிய விளக்கம் ஆகாது. காமமே முதலாயின், கூட்டம் நிகழ்ந்தபின் நோய் தணிந்திருத்தல் வேண்டும். தலைவனோ மணப்பதாக உறுதி கூறியவன்; இரவில் வருதலையும் ஒழியாதவன். அவ்வாறாகவும் தலைவி மெலிகின்றாள். தந்தையின் காவலைக் கடந்து தானே துணையைத் தேர்ந்தமை, அதனை வெளியிடமாட்டாமை, பழி குறித்த கலக்கம், காவலராலும் நாயாலும் நிலவாலும் தடைப்படும் சந்திப்பு, அவன் வரும் மலைவழியின் ஏதம் பற்றிய அச்சம் ஆகிய இவையே நோயை வளர்ப்பன. ஆகவே, காதலினும் அதனை மறைக்கச் செய்யும் சூழலே நோய்முதல் எனல் பொருந்தும். உள்ளத்துயர் உடலில் வெளிப்படும் என்பதை இற்றை மருத்துவ நூலாரும் உடன்படுவர்.

துன்புறுவாள் தலைவி மட்டும் அல்லள். காரணம் அறியாது தாய் வருந்துகின்றாள். வெளிப்படச் சொல்லமாட்டாது தலைவி தேம்புகின்றாள். இருவர் துயர்க்கும் அஞ்சித் தோழி நடுங்குகின்றாள். பகைவேந்தர் இருவரிடையே நின்ற சான்றோரைத் தனக்கு உவமையாக அவள் கூறுதல் ஈண்டு நோக்கத்தக்கது. ஒருத்தி மேனியிற் புலப்பட்ட நோய் ஒரு மனை முழுவதற்கும் உரியதாகின்றது.

அறத்தொடு நிற்றலைக் களவு கற்பாதற்குரிய வழி என்ற அளவில் விளக்குதல் வழக்கம். இப்பாட்டில் அது நோய்முதலைக் களையும் முயற்சியாகவும் அமைகின்றது. தோழி தாயைப் பழிக்கவில்லை. அவள் வருத்தத்தை முதற்கண் எடுத்துக் கூறி, அதன் பின்னரே நிகழ்ந்ததை உரைக்கின்றாள். கேட்பார் மனத்தை மாற்றுதற்கு ஏற்ற முறை இதுவே.

எனினும், தாயின் மறுமொழி பாட்டில் இல்லை. நோய் தீர்ந்தது எனவும் கபிலர் கூறிற்றிலர். தோழி உரைத்த அளவானே நோய் தீராது. சுற்றம் ஏற்றல் வேண்டும். இதனை விடுத்து மலர்ப்பெயர்களை மட்டும் எண்ணிக் கற்பிப்பின், பாட்டின் உயிர்நிலை மாணவர்க்கு எட்டாது போம்.