மதிபெற்ற மைனர் உண்டு. மதிபெற்ற போக்கிரி எங்கே?

தஞ்சைத் தரணி நெல்லுக்குப் பெயர் பெற்றது. இசைக்குப் பெயர் பெற்றது. மைனருக்கும் பெயர் பெற்றது! மல் ஜிப்பா, கழுத்திலே தங்கச் சங்கிலி, சவாரிக்கு வில்வண்டி, பின்னாளில் மோட்டார். களத்துமேட்டில் நெல் குவியும். கணக்குப் பார்க்கக் காரியஸ்தர் இருப்பார். மைனர் சீட்டாட்டத்திலும் தாசி வீட்டுத் திண்ணையிலும் பொழுதை ஓட்டுவார். ஊர் என்ன சொல்லிற்று? "பெரிய இடத்துப் பிள்ளை, வயசு அப்படி, ஒரு கால்கட்டுப் போட்டால் அடங்கிவிடும்" என்றது. கண்டனமா இது? தாலாட்டு!

அந்தச் சொல்லையே சற்று உரசிப் பாருங்கள். வயது நிரம்பாதவன் என்பது சட்டம் அதற்குத் தந்த பொருள். சொத்துக்கு உரியவன், ஆனால் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டாதவன். நாற்பது வயதில் நரை தட்டிய பின்னும் அவர் மைனரே. குற்றவாளியாகும் வயதை அவர் எட்டுவதே இல்லை.

அதே ஊரில், வாய்க்காலுக்கு அப்பால், சேரியிலும் ஓர் இளைஞன் இருந்தான். அவன் சூதாட வேண்டியதில்லை, குடிக்க வேண்டியதில்லை. சட்டை அணிந்தால் போதும்! இடுப்பிலிருக்க வேண்டிய துண்டு தோளுக்கு ஏறினால் போதும்! காலிலே செருப்பு, தலையிலே கிராப்பு, கூலி குறைகிறதே என்று ஒரு கேள்வி. போக்கிரி, திமிர் பிடித்தவன் என்ற பட்டங்கள் உடனே வந்து சேர்ந்தன. பட்டத்தோடு நின்றதா? சாட்டையடியும் சாணிப்பாலும் பின்தொடர்ந்தன. 1940களில் தோழர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டியபோது, சங்கம் முதலில் கேட்டவற்றுள் இந்த இரு கொடுமைகளின் ஒழிப்பும் ஒன்று. 1952இல்தான் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

"இளைஞர் ஏன் நெறி பிறழ்கின்றனர்?" என்று சமூகவியலார் நெடுங்காலம் கேட்டு வந்தனர். வறுமையா, வளர்ப்பா, கூடா நட்பா என்று ஆராய்ந்தனர். 1963இல் அமெரிக்க அறிஞர் ஹோவர்டு பெக்கர் கேள்வியையே திருப்பிப் போட்டார். பிறழ்வு என்பது செயலில் மட்டும் இல்லை. விதியை வகுப்போர், அதனை யார்மீது ஏவுகின்றனர் என்பதில் இருக்கிறது என்றார். பத்தாண்டு கழித்து, 1973இல், வில்லியம் சாம்ப்ளிஸ் இதற்கு உயிருள்ள சான்று காட்டினார். ஒரே பள்ளியில் பயின்ற இரு குழுக்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் எண்மர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அறுவர். இரு சாராரும் குறும்பும் குற்றமும் செய்தனர். எண்மரிடம் கார் இருந்தது. ஊர்க்கண்ணுக்கு எட்டாத தொலைவு சென்று ஆடித் தீர்த்தனர். போலீசைக் கண்டால் பணிவு காட்டினர். அவர்களுள் ஒருவர்கூடக் கைதாகவில்லை. அறுவருக்கோ தெருமுனையே உலகம். ஊரார் கண்ணும் போலீஸ் கண்ணும் அவர்கள்மீதே. பின்னாளில் எண்மருள் எழுவர் கல்லூரி சென்றனர். அறுவருள் இருவர் கொலைக் குற்றத்திற்காகச் சிறை புகுந்தனர். ஒட்டிய பெயர் வாழ்வாகவே ஆகிவிட்டது!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். அதே 1973இல் நம் உயர்நீதிமன்றத்தில் என்ன நிகழ்ந்தது?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வும் சங்கக் கொடியும் கேட்ட ஊர். ஒரு சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த நாள் அது. அதை விழுங்கிவிட்டுப் பேசுவது நமக்கு அழகன்று. நாகப்பட்டினம் நீதிமன்றம் மிராசுதாரர்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றமோ விடுவித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் பெருநிலக்காரர்கள், முதல்வரிடம் கார்கூட உண்டு, இத்தகையோர் வேலையாட்கள் துணையின்றித் தாமே நடந்து சென்று தீ வைத்தனர் என்பது நம்பக்கூடியதாக இல்லை என்று தீர்ப்பில் கண்டது. அங்கும் கார், இங்கும் கார்! அன்றைய நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ, உழைப்பாளர் தரப்பில் தண்டனை பெற்றோர் உண்டு.

நீதிமன்றத்தைக் கூண்டிலேற்றிவிட்டு இலக்கியத்தை வெளியே உலவவிடலாமா? அதையும் அழைத்து விசாரிப்போம்.

1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதிய நாவலின் பெயர், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தாசிகுலக் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர். அதை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடியவர். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டவர். அவரது வீரத்தின்முன் தலை தாழ்த்துகிறோம். ஆயினும் அந்தத் தலைப்பு உறுத்துகிறது. வலை தாசியுடையதாம், மதி மைனருடையதாம்! வலையை நெய்ய நூல் தந்தவன் எவன்? திருந்துதற்குரிய உள்ளம் படைத்தவனாக மைனரைக் காட்டும் வழக்கம், சீர்திருத்த இலக்கியத்திலேயே வேரூன்றிவிட்டது.

அடுத்து 'இரத்தக் கண்ணீர்'. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, நடிகவேள் எம். ஆர். ராதா மேடையிலும், 1954இல் திரையிலும் முழங்கியது. பணக்கார இளைஞனின் ஆட்டத்தைத் தோலுரித்த நாடகம் அதுபோல் வேறில்லை. ஆனால் முடிவைப் பாருங்கள். அவனைத் தண்டிப்பது யார்? உழைப்பாளியா, சட்டமா? தொழுநோய்! கிருமியால் வரும் நோயை ஒழுக்கக்கேட்டின் கூலியாக்கியது. நோயுற்ற ஏழைகள்மீது அது ஏற்றிய பழி சிறிதன்று. இத்தனைக்கும் அவன் வாரியிறைத்த செல்வம் யார் உழைப்பில் விளைந்தது என்னும் கணக்குப் புத்தகம் மேடைக்கு வரவேயில்லை.

மூன்றாவது, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வெண்மணியை நாவலாக்கத் துணிந்தமைக்குப் பாராட்டு உண்டு. தில்லியிலிருந்து வரும் படித்த இளைஞர்களின் உரையாடல் கூர்மையானது. ஆனால் நிலக்கிழானின் வெறிக்கு அவனது ஆண்மைக்குறையைக் காரணமாக்குகிறது கதை. அவன் உடலில் குறை இல்லாதிருந்தால் குடிசை எரிந்திராதா? கேட்ட கூலியை அளந்திருப்பானா? அரைப்படி நெல்லுக்காக மூண்ட பகையைக் கட்டிலறைப் புதிராக்கிவிட்டது நாவல். ஒன்றில் 'இரத்தம்', மற்றொன்றில் 'குருதி'. பெயரில்கூட உடலைத் தேடுகின்றன. முன்னதில் நோய் விளைவு. பின்னதில் நோய் காரணம். நிலத்தைத் தேடக் காணோம்!

மூன்று படைப்பிலும் செல்வனுக்கு அகம் உண்டு. அவன் திருந்தலாம், வருந்தலாம், ஆராயப்படலாம். சட்டை அணிந்ததற்காகச் சாட்டையடி பட்ட பதினெட்டு வயதுச் சேரி இளைஞன், அன்றிரவு என்ன நினைத்தான்? அவனுக்குக் காதல் இல்லையா, குழப்பம் இல்லையா, திமிரேனும் இல்லையா? அவன் கூட்டமாக நிற்கிறான், கூட்டமாக எரிகிறான். சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்', 1999இல், அந்தப் பக்கத்திலிருந்து வெண்மணியைப் பார்க்க முனைந்தது. அதற்கே வெண்மணிக்குப் பின் முப்பது ஆண்டு ஆயிற்று.

ஆய்வாளர் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 1961-62இல் தஞ்சைச் சிற்றூர் ஒன்றை ஆய்ந்த ஆந்திரே பெத்தேல் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே குடியிருந்தவர் சேரிக்குத் தாராளமாகப் போய்வர இயலவில்லை. அவரே பின்னாளில் நேர்மையோடு எழுதினார். தங்கும் திண்ணை எதுவோ, அதன் உயரத்திலிருந்தே ஊர் தெரிகிறது.

மைனர் மறைந்துவிட்டார், சங்கிலிக்கு மட்டும் 'மைனர் செயின்' என்ற பெயர் நகைக்கடையில் மிஞ்சியிருக்கிறது. போக்கிரிக்குத்தான் ஓய்வில்லை. இன்று அவனுக்குப் 'புள்ளிங்கோ' என்று பெயர். தலையில் வண்ணம், காதோரம் ஒட்ட வெட்டிய முடி, கடன் தவணையில் வாங்கிய பைக். இப்படி முடிவெட்ட வேண்டாம் என்று பள்ளிகள் சலூன்காரர்களிடம் வேண்டுகோள் விடுத்த செய்திகள் வந்தன. பைக்கை அலறவிடுவது தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் கிராப்புக்காக அடிபட்டவனின் பேரன் தலைமீதும் ஊரின் கண் இன்னமும் நிற்பதைக் கவனியுங்கள். அதே வண்ணத்தைப் பூசிக்கொண்டு, அயல்நாட்டுக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையை யாரும் சலூனுக்கு அனுப்புவதில்லை. "பையன் ஸ்டைலாக இருக்கிறான்" என்கிறார்கள்.