கல்லீரல் கணக்கில் 'இந்தியர்' என்றொரு கட்டம்

ஷா ஆலமில் கிளினிக்குக்குப் போனால் முதலில் கைக்கு வருவது பாரம். அதில் 'பங்சா' (இனம்) என்ற வரிக்கு எதிரே மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின் (மற்றவர்) என்று நான்கு கட்டங்கள். மூன்றாவதில் கோடு போட்டுவிட்டு உட்காருகிறோம். ஸ்கேனில் 'ஈரலில் கொழுப்பு' என்று வந்துவிட்டால், மதுவைத் தொட்டே பார்க்காத அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தார் சொல்லும் காரணம் இரண்டுதான்: ஒன்று, யாருக்கும் தெரியாத குடி, இல்லையென்றால், 'நம்ம ரத்தமே அப்படி'.

முதல் பழியைத் துடைக்க மரபணு ஆராய்ச்சி பெரிதும் உதவியது. 2008இல் அமெரிக்காவின் டல்லஸ் நகர ஆய்வாளர்கள் பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். அது உருவாக்கும் புரதத்தின் 148ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால், அந்தப் புரதம் சிதையாமல் கொழுப்புத் துளிகளின் மேலேயே தங்கிவிடுகிறது. கொழுப்பு கரைவது தடைபட்டு, குடிக்காதவர் ஈரலிலும் சேர்கிறது. 2012இல் மலாயாப் பல்கலைக்கழகக் குழு 144 ஈரல் கொழுப்பு நோயாளிகளையும் நோயில்லாத 198 பேரையும் ஒப்பிட்டு, மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிடமும் இந்தத் தொடர்பு இருப்பதை உறுதி செய்தது. உலக மரபணு ஆய்வுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரைப் பற்றியதாக இருக்கையில், நம் ஊர் மக்களையே வைத்துச் செய்த இந்த வேலை மதிக்கத்தக்கது.

குறை எண்ணிக்கையில் இருக்கிறது. 144 பேரை மூன்றாகப் பங்கிட்டால் ஓர் இனத்துக்குச் சராசரி 48 பேர்தான். சிறிய கூட்டத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மவர் கதையே சாட்சி. 2010இல் அமெரிக்க ஆய்வொன்று 95 இந்திய ஆண்களைச் சோதித்து, ஏ.பி.ஓ.சி.3 மரபணு மாற்றம் உள்ளவர்களில் 38 விழுக்காட்டினருக்கு ஈரல் கொழுப்பு, மாற்றம் இல்லாதவர்களில் ஒருவருக்கும் இல்லை என்றது. மறு ஆண்டே டல்லஸில் இன்னும் பெரிய கூட்டத்தில் தேடியபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. டல்லஸ் கூட்டத்தார் இந்தியர் அல்லர் என்று வாதிடலாம். ஆனால் 2010 ஆய்வில் மாற்றம் இல்லாதவர்கள் வெறும் 19 பேர். அதை வைத்து ஓர் இனத்தின் ஈரலையே அளந்துவிட முடியாது. 'இந்தியா' என்ற ஒரே கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் அடங்கும்போது கணக்கு இன்னும் கலங்குகிறது.

'நம்ம ரத்தமே அப்படி' என்ற இரண்டாம் காரணமும் நிற்காது. 2017இல் வெளியான ஆய்வில், அதே பி.என்.பி.எல்.ஏ.3 மாற்றத்தைச் சுமந்த ஒல்லியானவர்களிடம் கொழுப்பு சற்றே கூடியிருந்தது. மிகவும் பருத்தவர்களிடம் வெகுவாகக் கூடியிருந்தது. மலேசியாவின் 2023 சுகாதார ஆய்வுப்படி வயதுவந்தோரில் 54.4 விழுக்காட்டினருக்கு அளவுக்கு மீறிய எடை. கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக்கும் நள்ளிரவு ரொட்டி சானாயும் எல்லா இனத்தார் மேசையிலும் இருக்கின்றன.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டிய நெடுங்கால ஆய்வு நம்மிடம் உண்டு. ஈரல் மரபணு ஆய்வும் அந்த அளவுக்கு வளர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளினிக் பாரத்தில் 'இந்தியா' கட்டத்துக்குக் கீழே இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும்: குடும்பத்தில் யாருக்கு ஈரல் கெட்டது? இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? முதலாவதை அம்மாவே சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு ஓர் அளவு நாடா போதும்.