கோபுரமும் நடுகல்லும்

ஒரு நாடு தன் இளமைக் காலத்தை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பதைக் கொண்டே அந்நாட்டு மக்களின் அறிவுநிலையை அளந்துவிடலாம். அமெரிக்கா, வரலாற்றுக் கணக்கில் நேற்றுப் பிறந்த நாடு. 1776-ஆம் ஆண்டு அது விடுதலைப் பிரகடனம் எழுதிய தோலில் இன்று எழுத்து மங்கிவிட்டது, கையொப்பங்கள் வெளுத்துவிட்டன. ஆயினும் 1952-ஆம் ஆண்டு முதல் அதனை வாஷிங்டன் நகர ஆவணக் காப்பகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காத்து வருகிறார்கள். வானத்திலிருந்து இறங்கிய ஏடு அது என்று எவரும் கூறுவதில்லை. மனிதர் கூடினர், மனிதர் வாதிட்டனர், மனிதர் எழுதினர் என்பதே அந்த ஏட்டின் பெருமை.

அந்த ஏட்டால் இன்னொரு பயனும் உண்டு. மனிதர் யாவரும் நிகர் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. கையொப்பமிட்டவர்களுள் பலரிடம் அடிமைகள் இருந்தனர். 'சொன்னது ஒன்று, செய்தது ஒன்று' என்று பின்வந்தோர் அவர்கள்மீது குற்றம் சாட்ட முடிந்தது. எப்படி முடிந்தது? ஏடு இருந்தது, அதனால் முடிந்தது. சான்று என்பதன் இலக்கணம் இதுதான். அது போற்றவும் இடம் தரும். தூற்றவும் இடம் தரும். ஆராயவும் இடம் தரும். புராணம் தருவதோ ஒன்றே ஒன்று — கும்பிட இடம்!

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு வருவோம்.

ஊரின் வரலாறு என்ன என்று இங்கே எவரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் ஒப்பிப்பார்கள். பிரமனும் திருமாலும் 'நானே பெரியவன்' என்று வழக்காடினர், நெருப்புத் தூண் தோன்றிற்று, ஒருவர் பன்றியாகி அடியைத் தேடினார், ஒருவர் அன்னமாகி முடியைத் தேடினார், இருவரும் தோற்றனர், தூண் மலையாயிற்று. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் இந்தத் தலத்தின் பெருமையைப் பாடுகிறது. தமிழ்ச் சுவைக்காக அந்நூலைப் படிப்போரிடம் நமக்குச் சண்டை இல்லை. கதை கதையாக இருக்கும்வரை எவருக்கும் கேடில்லை. ஆனால் அது வரலாறு என்ற நாற்காலியில் வந்து அமரும்போது, ஆண்டு எங்கே, சான்று எங்கே, சாட்சி யார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கதைக்குள்ளேயே தேடினால் சாட்சியாக நிற்பது ஒரு தாழம்பூ. அதுவும் பொய்ச்சாட்சி!

அதே கோயிலின் சுவர்களில் வேறொரு ஏடு விரிந்து கிடக்கிறது. சோழர் காலம் தொட்டு நாயக்கர் காலம் வரை வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் எட்டாம் தொகுதி 1937-இல் வெளிவந்தபோது அவற்றுள் பல அச்சேறின. பின்னர்ப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அவற்றை ஆராய்ந்து நூலாக்கிற்று. நெருப்புத் தூணைப் பற்றிச் சொல்ல ஆயிரம் வாய்கள் இருக்கும் ஊரில், 217 அடி உயர இராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்னும் உண்மையைச் சொல்ல எத்தனை வாய்கள் இருக்கின்றன? கோபுரம் தானாக முளைக்கவில்லை. வரிப்பணம் எழுப்பிற்று, கல் சுமந்த தோள்கள் எழுப்பின.

ஆயினும், கோயிற் சுவர் கூறுவது முழுக் கதையன்று. அது கொடுத்தவன் பெயரைச் சொல்லும். கொடை பெற்ற கோயிலைச் சொல்லும். கோயிற் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்று கணக்கு வரும். அவை சாவாத, மூப்படையாத ஆடுகள் என்று வேறு எழுதியிருக்கும். அதாவது, எண்ணிக்கை என்றும் குறையக் கூடாது. ஆட்டுக்குச் சாவில்லை என்று எழுதிவிட்டார்கள். அதை மேய்த்தவனின் வாழ்வையும் சாவையும் எங்கே எழுதினார்கள்? இடையன் பெயர் அங்கே வந்தாலும், நெய் அளக்கக் கடமைப்பட்டவன் என்ற அளவில்தான் வருகிறது.

மேய்த்தவனின் கதையைச் சொல்லும் ஏடு வேறிடத்தில் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் செங்கம். அந்தச் செங்கத்தைச் சுற்றிலும், வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும், நடுகற்கள் நிற்கின்றன. போரில் விழுந்த வீரனுக்கு ஊரார் நட்ட கல் நடுகல். கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதற்குரிய படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், வழிப்போக்கர் காணப்போகும் காட்சிகளுள் ஒன்றாகப் பெயர் பொறித்த நடுகற்களைக் குறிக்கிறது. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்துகள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனைக் குறிக்கிறது. இலக்கியம் சொன்னது கற்பனையன்று என்று கல் சாட்சி கூறிற்று. இது தாழம்பூச் சாட்சியன்று!

செங்கம் வட்டாரத்து நடுகற்களின் வாசகங்களைத் தொகுத்து, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. இந்நூல் வந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை மாநிலம் என்று அழைக்கப்பட்ட நிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்ட 1967-இல் அண்ணா சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார். 1969 சனவரி 14-இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. பெயர் பெற்று மூன்றே ஆண்டுகளில், அந்த இளம் மாநிலம் அச்சிட்ட ஆவணங்களுள் ஒன்று இது. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளை மட்டும் தேடாமல், மாடு காத்து மாண்டவர்களின் கற்களையும் தேடிற்று. இந்நூலின் முதற்சிறப்பு அதுவே.

அந்தக் கற்களுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துப் பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர்க் கல் அது. பல்லவன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்டது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மாண்டவன் பெயர் கருந்தேவக்கத்தி. வாணகோ அரைசரின் உறவினரான பொற்றொக்கையாரின் இளமகன் அவன். இளமகன் என்பது ஏவல் செய்யும் வீரனைக் குறிக்கும். எருமைகளைக் காக்கும் இடத்தில் போரிட்டு விழுந்தான். கல்லில் அவன் உருவம்; பக்கத்தில் ஒரு நாய். அந்த நாய்க்கும் பெயர் உண்டு: கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்து, அது காத்து நின்ற செய்தியையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

எத்தனை எளிய வாசகம்! எந்த ஆண்டு, எவன் ஆட்சி, இறந்தவன் யார், எப்படி இறந்தான் — இவ்வளவே. அடைமொழி அடுக்கு இல்லை. அவதாரக் கதை இல்லை. நல்ல செய்தியாளன் எழுதுவதுபோல் எழுதியிருக்கிறான் பெயர் தெரியாத அந்தத் தமிழன். உரைநடை என்பது வெள்ளையர் வந்த பிறகு நாம் கற்றுக்கொண்டது என்று கூறுவோர் இக்கல்லைப் பார்க்க வேண்டும். எழுத்து வட்டெழுத்து. மொழி தமிழ்.

அதே மகேந்திரவர்மன் தன் புகழைப் பொறித்த கல்லும் நமக்குக் கிடைத்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் குடைந்ததாக அவன் அறிவிக்கிறான். எந்த மொழியில்? வடமொழியில்! அவன் எழுதிய மத்தவிலாசம் என்னும் நகை நாடகமும் வடமொழியே. மன்னன் தன் பெருமையைப் பேச வடமொழியை நாடினான். எருமை காத்தவனுக்காக ஊர் அழுதபோது தமிழில் அழுதது. ஒரே காலம், ஒரே ஆட்சி, இரண்டு கற்கள். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நூறு மேடைச் சொற்பொழிவு செய்யும் வேலையை அவை செய்துவிடும்.

ஆனால், மேடையைப் பற்றிப் பேச்சு வந்ததால் நம் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். புராணத்தை நோக்கிக் கேட்ட கேள்வியை நடுகல்லை நோக்கியும் கேட்காவிட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்லர். தெய்வத்தை மாற்றிக்கொண்ட பக்தர்கள். 'ஆ, தமிழனின் வீரம்!' என்று ஆர்ப்பரிப்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். இக்கற்கள் பேசும் போர் எப்படிப்பட்டது? பல கற்களில் அது தொறு கவர்தல், தொறு மீட்டல் — மாட்டு மந்தைக்காக ஊரும் ஊரும் வெட்டிக்கொண்ட பூசல். ஏழை, ஏழையை வெட்டினான். கல் ஏழைக்குக் கிடைத்தது. மந்தை தலைவனுக்குப் போயிற்று. மாண்டவனைக் கூட 'இன்னாரின் இளமகன்' என்று தலைவனின் பெயரைச் சுமந்துதான் கல் அடையாளம் காட்டுகிறது. எடத்தனூரில் நாய்க்குப் பெயர் இருக்கிறது. கருந்தேவக்கத்தியைப் பெற்றவளுக்குப் பெயர் இல்லை. இதையும் படிக்கக் கூசாத கண் வேண்டும். நம் இனத்தின் இளமைக்காலத்தில் வீரமும் இருந்தது, ஏவலும் இருந்தது, பெண்ணை மறந்த மறதியும் இருந்தது. மூன்றையும் ஒரே கல் காட்டுவதால்தான் அது கருவூலம்.

இன்னொரு செய்தி நம் தோழர்களுக்குக் கசக்கும். கசந்தாலும் கூறத்தான் வேண்டும். இந்தக் கற்களுள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உடையாமல் நின்றதற்குக் காரணம், சிற்றூர் மக்கள் அவற்றை வேடியப்பன் என்று வணங்கி வந்ததுதான். வழிபாடு கல்லைக் காத்தது. அதே வழிபாடு எண்ணெயும் மஞ்சளும் அப்பி எழுத்தை மறைத்தது. கல் பிழைத்தது, பொருள் மாண்டது! தம் ஊரில் வாழ்ந்த ஒரு மனிதனின் நினைவு என்பது மறைந்து, வரம் கொடுக்கும் சாமி என்பது மட்டும் எஞ்சிற்று. அந்த மக்களிடம் போய் எள்ளி நகையாடுவதால் பயனில்லை. 'இவர் சாமி இல்லை' என்று தொடங்குவதைவிட, 'இவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, படித்துக் காட்டட்டுமா?' என்று தொடங்குவதே நம் வேலை. பெயரைக் கேட்டவன் அடுத்து ஆண்டைக் கேட்பான்; ஆண்டைக் கேட்டவன் காரணத்தைக் கேட்பான். பகுத்தறிவு அந்த வழியாகத்தான் ஊருக்குள் நுழையும்.

அரசுகள் செய்ய வேண்டியதும் உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் அடைபட்டுக் கிடந்தன. தமிழ்நாட்டு மாணவன் தன் ஊர்க் கல்லின் படியைப் பார்க்க வேறு மாநிலத்துக்குப் பயணம் போக வேண்டியிருந்தது. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு ஆணையிட 2021-இல் உயர்நீதிமன்றம் வரவேண்டியதாயிற்று. படிகள் சென்னைக்கு வருவது முதல் படி. படித்தவர் மொழியிலிருந்து பாமரர் மொழிக்கு அவை வருவது அடுத்த படி. 'செங்கம் நடுகற்கள்' போன்ற நூல்கள் ஆராய்ச்சியாளருக்காக எழுதப்பட்டவை, அதில் தவறில்லை. அவற்றின் பக்கத்தில், எட்டாம் வகுப்பு படித்தவரும் எடுத்துப் படிக்கத்தக்க சிறு நூல்கள் ஊர்தோறும் வேண்டும். நடுகல் நிற்கும் இடத்தில், வாசகத்தை இன்றைய எழுத்தில் காட்டும் பலகை வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டெழுத்தின் சில எழுத்துகளேனும் பழக்கமாக வேண்டும்.

மன்றங்களும் படிப்பகங்களும் நடத்தும் தோழர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் நடுகல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கம்பி கொண்டு சுரண்டாதீர்கள், வண்ணம் பூசாதீர்கள், இடம் பெயர்க்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அந்தக் கல்லைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் கூறுவதையும் எழுதி வையுங்கள். கல் கூறுவதிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள். படிப்பக ஆண்டு விழாவில் மூவேந்தர் கொடிகளோடு, உங்கள் ஊரில் மாடு காத்து விழுந்தவனின் பெயரையும் எழுதிக் கட்டுங்கள்.

முழுநிலவு தோறும் இலட்சக்கணக்கானோர் திருவண்ணாமலை மலையைச் சுற்றி வருகிறார்கள். அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதுவும் மனிதர் கட்டியதுதான். ஆனால் தமிழினத்தின் இளமைக் காலத்தைக் காண விரும்புவோர் அண்ணாந்து பார்த்தால் போதாது. கொஞ்சம் குனிய வேண்டும். மன்னன் வடமொழியில் தன்னைப் பாடிக்கொண்டிருந்த நாளில், எருமைப் பட்டியில் விழுந்த ஒருவனின் பெயரையும் அவன் நாயின் பெயரையும் தமிழில் வெட்டி வைத்த மக்கள், தரையோடு தரையாகத்தான் தங்கள் ஏட்டை நட்டுச் சென்றிருக்கிறார்கள்.