மறைத்துப் பரிமாறு

அந்த மீனின் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூக்கு என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது வாய். முகம் முன்னால் நீண்டு, நீள நீள ஒடுங்கி, நுனியில் ஓர் அரிசிமணி நுழையவே யோசிக்கும் திறப்பாக முடிகிறது. நகைப்பட்டறையில் கல் பதிக்கும் ஆசாரியின் கையில் சாமணம் பார்த்திருப்பீர்கள். கடுகளவு கல்லைக் கவ்வி அதன் குழியில் வைத்துவிட்டு, கல்லுக்கு நோகாமல் விலகும் கருவி. அந்தச் சாமணத்துக்கு உடம்பு முளைத்து நீந்தத் தொடங்கினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இருந்தது செங்காங்கில் என் அடுக்குமாடி வீட்டு நான்கடித் தொட்டிக்குள் வந்து சேர்ந்த மீன்.

கடைக்காரர்கள் அதைக் காப்பர்பேண்ட் என்பார்கள். செப்புப் பட்டை. வண்ணத்துப்பூச்சி மீன்களின் குடும்பம். 1758இல் லின்னேயஸ் சூட்டிய பெயரில் ‘ராஸ்ட்ராட்டஸ்’ என்றொரு சொல் உண்டு. அலகுடையது என்று பொருள். பக்கவாட்டில் பார்த்தால் உடம்பு ஒரு வெற்றிலை. நேர் எதிரே நின்று பார்த்தால் அந்த வெற்றிலையின் விளிம்பு. சிப்பியின் உட்புறத்து வெண்மை. அதன்மேல் நெட்டுக்குத்தாக இறங்கும் பட்டைகள், புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தின் நிறத்தில். ஒவ்வொரு பட்டைக்கும் இரு பக்கமும் மெல்லிய கருங்கோடு, சேலைக்குக் கரை கட்டியதுபோல. வால் தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு கறுப்பு வரி, ‘இத்தோடு முடிந்தது’ என்று கோடு கிழித்தமாதிரி.

முதல் பட்டை கண்ணின் மேலேயே ஓடுகிறது. அதனால் கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தேடாமலே தெரிவது பின்னால், முதுகுத் துடுப்பின் கடைசியில், வெளிர் வளையம் சூழ்ந்த கரும்பொட்டு. உள்ள கண்ணை ஒளித்துவிட்டு, இல்லாத கண்ணைத் திறந்து காட்டுகிறது மீன். கொத்த வரும் பெரிய மீன் இந்தப் பொய்க்கண்ணை நம்பி வாலைத் தலையென்று எடுத்துக்கொண்டு ஏமாறும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்குப் பிடித்துப்போனது வேறு ஒன்று. ஒளிந்திருப்பதைத் தேடித் தின்னும் பிராணி, தன்னிடமும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறது. அப்போது இதை அழகாக மட்டுமே பார்த்தேன். அதன் சாப்பாட்டுக் கணக்கே இதில்தான் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

இந்த அலகு படித்தவர்களையே ஏமாற்றியிருக்கிறது. இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், மருத்துவமனைப் பொறுப்பில் இருந்த ஹொம்மெல் என்பவர், நீர்த்துளியை எறிந்து பூச்சியை வீழ்த்தும் மீன் ஒன்றைப் பற்றிச் சொல்லியனுப்பினார். ஷ்லோசர் என்பவர் அதைக் கடிதமாக எழுத, 1764இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. செய்தி உண்மை. ஆனால் செய்தியோடு போன மீன் இந்தச் செப்புப் பட்டை! நீண்ட அலகைக் கண்டால் பீச்சாங்குழல் என்றுதானே தோன்றும்? துளி எறியும் மீன் வேறு. நம் சுங்கை பூலோ சதுப்புக் காட்டில் வேர்களுக்கு நடுவே திரியும் ஆர்ச்சர் மீன் அது. அதற்கு அலகே கிடையாது. செப்புப் பட்டையின் அலகு வெளியே எறிவதற்காக அமைந்ததல்ல; உள்ளே துழாவுவதற்காக அமைந்தது.

என்ன துழாவும்? பவளப்பாறை இடுக்குகளில் குழாய் கட்டிக் குடியிருக்கும் புழுக்கள், கூனிகள், தலைநீட்டிவிட்டு உள்ளிழுத்துக்கொள்ளும் இன்னும் எத்தனையோ சிற்றுயிர்கள். சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றியும் இந்த மீன் வாழ்கிறது. புலாவ் ஹந்துவில் முக்குளிப்பவர்கள் கலங்கல் நீரில் இதைப் பார்க்கிறார்கள். என் மீன் இந்தோனேசியக் கடலிலிருந்து வந்ததாகக் கடையில் சொன்னார்கள். ‘கடையில் தின்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு’ என்று நண்பர் சொல்லியிருந்தார். நான் செம்பின் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டேன்.

தொட்டிக்கு வயது மூன்று மாதம். ஏறக்குறைய 400 லிட்டர். மீன் கழிவில் பிறக்கும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத குடும்பங்கள் குடியேறட்டும் என்று முதல் ஆறு வாரம் மீனே விடாமல் காத்திருந்தேன். உப்புநீரின் அடர்த்தி 1.025. இந்த ஊர் வெயிலுக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் பெட்டி, 26 டிகிரியில். எண்களெல்லாம் சரி. எண்களைத் தின்ன முடியாதே. பாறையில் ஓட்டைகள் இருந்தன; ஓட்டைகளுக்குள் குடியில்லை. பழைய தொட்டி என்றால் இடுக்குக்கு இடுக்கு புழுவும் பூச்சியும் மண்டியிருக்கும். என்னுடையது புதுமனை புகுந்த வீடு. பளிச்சென்று இருந்தது, அடுப்படியில் ஒரு டப்பாவிலும் ஒன்றுமில்லை.

முதல் நாள் அது பாறைக்குப் பின்னால் நின்றது. இரண்டாம் நாள் உறைந்த மைசிஸ் கூனியை இளக்கி விட்டேன். துருவிய தேங்காய்ப்பூப்போல நீரில் மிதந்து இறங்கியது. இரண்டு கோமாளி மீன்களும் பந்திக்கு முந்தியவர்களாய்ப் பாய்ந்தன. செப்புப் பட்டை வந்தது. ஒரு துணுக்குக்கு முன்னால், சரியாக ஓர் அலகு தூரத்தில், நின்றது. கண்ணாடி போன்ற மார்புத் துடுப்புகள் மட்டும் அசைந்தன. உடம்பை லேசாகச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. திரும்பி மறு கண்ணால் பார்த்தது. அலகு நுனியால் தொட்டது. விலகிவிட்டது. பட்டுப்புடவைக் கடையில் முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, விலைகூடக் கேட்காமல் அடுத்த அடுக்குக்கு நகரும் அத்தைமார்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மூன்றாம் நாள் உயிருள்ள ஆர்ட்டீமியா கூனி. நெளிகிறதே, மயங்காதா என்று நினைத்தேன். இரண்டைக் கவ்வியது, ஒன்றைத் துப்பியது. நான்காம் நாள் இரத்தப்புழு. எடுத்தது, துப்பியது, திரும்ப எடுத்தது, திரும்பத் துப்பியது. அந்த நிராகரிப்பிலும் ஒரு நேர்த்தி இருந்ததை மறுக்க முடியாது. ஒருமுறைகூட அவசரமில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால், வெற்றிலையின் விளிம்பு மேலும் மெலிந்திருந்தது. வயிற்றோரம் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. மீன் வளர்ப்பவர் வயிற்றில் புளி கரைக்கும் காட்சி இது.

ஐந்தாம் நாள் காலை தேக்கா சந்தைக்குப் போனேன். “லாலா ஆறு குடுங்கண்ணே” என்றேன்.

மீன்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “ஆறு கிலோவா தம்பி?”

“ஆறே ஆறு சிப்பிண்ணே.”

“ஆறு சிப்பிய வச்சு என்ன கொழம்பு வைக்கப் போறீங்க?”

விருந்தாளியைப் பற்றிச் சொன்னேன். அவர் காசு வாங்கவில்லை. “சாப்பிட்டுச்சுன்னா வந்து சொல்லுங்க” என்றார்.

முதல் லாலாவை இரண்டாகப் பிளந்து, தசை முழுவதும் தெரிய மணல்மேல் வைத்தேன். வாழையிலையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு ‘சாப்பிடுங்கள்’ என்பதைப்போல. செப்புப் பட்டை ஒருமுறை மேலே பறந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கோமாளிகள் பிய்த்தன, மிச்சத்தைத் துறவி நண்டு இழுத்துக்கொண்டு போனது.

அலுத்துப்போய் மாடி நடைவழியில் வந்து நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கும் செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு. மடிந்து கிடந்த மொட்டின் அடிப்பக்கத்தில் அலகைச் செருகிக்கொண்டிருந்தது. நரி தட்டில் ஊற்றிக் கொடுத்த பாயசத்தைக் கொக்கு குடிக்க முடியாமல் போன கதை சின்ன வயதில் எல்லோரும் கேட்டதுதான். அந்தக் கதையில் நான் யார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்து நாளாகத் தட்டைத் தட்டையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். கொக்குக்கு வேண்டியது கூஜா.

இரண்டாவது லாலாவை முழுக்கத் திறக்கவில்லை. ஒரு பக்கத் தசையை மட்டும் கத்தி நுனியால் அறுத்து, ஓடுகள் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்னக் கல்லைச் செருகினேன். ஒரு நெல் அகலத்துக்குத் திறப்பு. அதைப் பாறையின் இடுக்கில், வாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி, பாதி மறையப் பதித்து வைத்தேன். கோமாளிகள் வந்து முட்டிப் பார்த்தன. மொட்டை வாய் உள்ளே போகவில்லை. சலித்து விலகின.

மாலை ஏழேகால் மணிக்கு அது வந்தது.

முன்பு போலவே ஓர் அலகு தூரத்தில் நின்றது. சாய்ந்து ஒரு கண், திரும்பி ஒரு கண். ஆனால் இம்முறை நெற்றிப் பக்கம் கீழே இறங்கியது. உடம்பு முழுவதும் ஒரு கோணத்துக்கு வந்தது, நூல் கோக்கும்போது ஊசியை வெளிச்சத்துக்குத் திருப்புகிறோமே, அதுபோல. முதுகு முட்கள் நிமிர்ந்தன. பிறகு அலகு இருட்டுக்குள் போனது. பாய்ச்சலில்லை, குத்தில்லை. தன் அளவுக்கே செய்த உறைக்குள் கத்தி இறங்குவதுபோலப் போனது. ஒரு சிறு வெட்டு, அவ்வளவுதான். தலை அதிர்ந்தது தெரிந்தது. அடுத்த கணம் போன வழியிலேயே, திரும்பாமல், பின்னோக்கி வந்தது. அலகு நுனியில் வெளிறிய தசை இழை ஒன்று தொங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். துப்பவில்லை.

இந்தக் குடும்பத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவர்கள் ‘மயிர்ப்பல்’ என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள். தூரிகைபோல் நெருங்கிய நுண்ணிய பற்கள். கடித்துக் குதற அவற்றால் ஆகாது. இழை இழையாகப் பிரித்தெடுக்க அவற்றைவிட நல்ல கருவி கிடையாது. அன்று அரைமணி நேரம் அந்த லாலாவிலேயே இருந்தது. சிலந்தி நூலைப் பிரிப்பதுபோல ஒவ்வோர் இழையாக எடுத்தது. ஒவ்வோர் இழைக்கும் முன்னால் அதே நிற்றல், அதே இரு கண் பார்வை, அதே கோணம். பசித்த மீன்தான், ஐந்து நாள் பட்டினி. ஆனாலும் எதையும் சுருக்கிக்கொள்ளவில்லை. இரவு ஓட்டை எடுத்துப் பார்த்தேன். உட்புறம் கழுவி வைத்த கிண்ணம்.

அப்போதுதான் தெளிந்தது. ஐந்து நாளாக நான் அதை நாக்குச் செத்த மீன் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு எந்தத் தின்பண்டத்தோடும் பிணக்கு இல்லை. வெட்டவெளியில் மிதப்பதை அதன் உடம்பு சாப்பாடாகவே எண்ணவில்லை. கொடுத்தது உணவல்ல, கண்டெடுத்ததுதான் உணவு. நாம் விருந்தாளிக்கு எதையும் ஒளிக்காமல் பரிமாறுவதை மரியாதை என்கிறோம். இந்த விருந்தாளிக்கு ஒளித்து வைப்பதுதான் மரியாதை.

அடுத்த வாரம் நண்பர் ஒரு பாறைத் துண்டைக் கொண்டுவந்தார். அதில் ஏழெட்டு ஐப்டேசியா. பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோல் நிற்கும் சின்னக் கடற்சாமந்திகள். தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது கோரைக்களை. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் முழுதாகத் தழைத்துவிடும். ‘புதுத் தொட்டிக்குள் களையைச் சீர் கொண்டுவந்து வைக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்’ என்றேன். எல்லாச் செப்புப் பட்டையும் ஐப்டேசியாவைத் தொடாது. என்னுடையது தொட்டது. பக்கத்தில் நிழல் பட்டாலே கடற்சாமந்தி பாறைக்குள் சுருங்கிவிடும். மீன் அவசரப்படவில்லை. எதிரே நின்றபடி, அது மறுபடி விரியக் காத்திருந்து, விரிந்த நொடியில் அடியோடு உறிஞ்சி எடுத்தது. ஒன்பது நாளில் பாறை சுத்தம்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. வெற்றிலையின் விளிம்பு தடித்திருக்கிறது. லாலாவில் தொடங்கி, ஓட்டுக்குள் லாலாவோடு மைசிஸைக் கலந்து வைத்து, பிறகு ஓட்டின் வாயருகே வைத்து, மெல்ல மெல்ல வெளியே இழுத்தேன். இன்று அது கோமாளிகளுக்கு நடுவே நீந்தி, மிதந்து வரும் துணுக்கைக் கவ்விக்கொள்கிறது. தேக்கா அண்ணனிடம் சொன்னேன். தன் பிள்ளை பாஸானதுபோல் சிரித்தார். எனக்கும் நிம்மதிதான். ஆனால் மிதப்பதைக் கவ்வும்போது அந்தச் சாய்வு இல்லை, இரு கண் பார்வை இல்லை. சாமணத்தால் சோறு அள்ளுவதுபோல் இருக்கிறது.

ஆனாலும் பந்தி முடிந்து கோமாளிகள் ஒதுங்கிய பிறகு, அது அந்தப் பழைய இடுக்குக்குப் போகிறது. ஓர் அலகு தூரத்தில் நிற்கிறது. சாய்கிறது. ஒரு கண், மறு கண். அலகை இறக்கித் துழாவுகிறது. ஒன்றும் இருக்காது. பின்னோக்கி வந்து, அடுத்த ஓட்டைக்குப் போகிறது.

அதற்காகவே வாரத்தில் ஒருநாள், ஏதோ ஓர் ஓட்டையில் ஒரு துண்டு லாலா வைக்கிறேன். எந்த ஓட்டை என்று முன்கூட்டி முடிவு செய்வதில்லை. அது தொட்டியின் மறுகோடியில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கையை நனைக்கிறேன்.