கடைத்தெரு மட்டும் நகரமாகுமா?

திருகோணமலையின் புறநகராகிய பாலையூற்றைப் போன்ற ஊர்களின் வளர்ச்சியைப் பேசுவோர், முதலில் கடைகளையே சுட்டிக்காட்டுகின்றனர். கடைகள் வேண்டாமென நாம் கூறவில்லை. ஆயின் கடைத்தெரு நீண்டால் ஊர் வளர்ந்துவிட்டதாகுமா?

வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. பிரித்தானியர் 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். அடுத்த ஆண்டே இலங்கையின் பஸ் சேவை தேசியமயமாயிற்று. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் 1960இல் நிறைவேறிற்று. உழைப்பாளியின் பிள்ளைக்கு நகரத்தின் கதவைத் திறந்தவை இத்தகைய பொது ஏற்பாடுகளே. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழிவிடப்பட்டது. இலாபத்தை நாடி ஓடும் வண்டி, மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவிக்காகக் காத்திருக்குமா?

பஸ்ஸும் பள்ளியும் வந்த இடத்தில் நிலவிலை ஏறுகிறது. பொதுப்பணம் விதைக்கிறது, நிலவுடைமையாளன் அறுக்கிறான், கூலியாள் ஊரின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறான். தோட்ட நகரக் கொள்கையை 1898இல் வகுத்த எபனேசர் ஹோவார்ட், அந்த மதிப்புயர்வு ஊர்ப் பணிக்கே திரும்பவேண்டும் என்றார். பின்வந்தோர் பலர் தோட்டத்தை ஏற்றனர். நிலத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டனர்.

ஆகவே கடைகளை எண்ணுவதை நிறுத்துவோம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் உண்டா? வளர்ச்சியின் அளவுகோல் இதுவே.